உடையும் அலைகளும் தூண்டில் கோல்களுக்கான நீளுறையும்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கயாக் என்னும் குறுகிய துடுப்புப் படகின் வயிற்றுக்குள் தூண்டில் கோல்களை, இழையைச் சுற்றி வைக்கும் ரீலோடு சேர்த்து நுழைத்து வைப்பதற்காகவே தைக்கப்பட்ட நீளமான உறை ஒன்றை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வசதிக்காக இதை நீளுறை என்றே குறிப்பிடுகிறேன். சிறு சிறு வேறுபாடுகளுடன் பல பெயர்களில் கிடைக்கும் வகை இது என்பதால், ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் இந்த அமைப்பின் நிறைகுறைகளையே எழுதுகிறேன். இந்த இரண்டு ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட முறை உடையும் அலைகளின் ஊடே கரையேறியிருக்கிறேன். அவற்றில் நான்கு முறை கயாக் கவிழ்ந்தது. உறைக்குள் இருந்த கோல்களில் ஒன்றுகூட உடையவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், கோல்களைக் கயாக்கோடு கயிற்றால் பிணைத்து வைத்துக்கொண்டு கரையேறிய காலத்தில், ஒரே ஒரு கவிழ்தலில் மூன்று கோல்களை இழந்தேன். இந்த இரண்டு அனுபவங்களுக்கும் இடையில் உள்ள வேறுபாடு என் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததன்று, அலை உடையும் விதத்தைப் பொறுத்தது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடலலை ஆழம் குறையக் குறைய உயர்ந்து, தன் உயரம் அவ்விடத்து நீரின் ஆழத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே போனதும் தலைகுப்புற விழுந்து உடைகிறது. அதாவது, 1 மீட்டர் உயர அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழமுள்ள நீரில் உடையும். இப்போது கயாக்கைப் பாருங்கள். இருக்கைக்குப் பின்னால் உள்ள துளைகளில் நட்டு வைத்த 7 அடிக் கோலின் நுனி, நீர்மட்டத்திலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அலை உடையும் இடத்தில் கயாக் கவிழ்ந்தால், அது முழுதாகத் தலைகீழாவதற்கு முன்பே கோலின் நுனி மணலில் குத்திவிடும். அதன் பிறகு கயாக்கின் எடையும், நம் எடையும், பின்னாலிருந்து தள்ளும் அலையின் விசையும் சேர்ந்து அந்த ஒற்றைக் கோலின்மீது இறங்கும். ஒரு கன மீட்டர் கடல்நீர் 1,000 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. கார்பன் இழைக் கோல் மீனின் இழுப்புக்கு வில்லாய் வளையும்படி செய்யப்பட்டது. பக்கவாட்டில் ஓரிடத்தில் விழும் அடியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. எனவே நல்ல கோல், விலை குறைந்த கோல் என்ற வேறுபாடே இங்கே எழுவதில்லை. நின்றுகொண்டிருக்கும் எந்தக் கோலும் உடையும்.

கயிற்றை நம்பியிருந்த அந்த ஆண்டில் எனக்கு இது புரிந்திருக்கவில்லை. சுருள்சுருளாக நீளும் பிளாஸ்டிக் கயிறுகள் மூன்றை வாங்கி, ஒவ்வொரு கோலையும் கயாக்கின் பக்க வளையங்களில் மாட்டி வைத்திருந்தேன். நடுக்கடலில் அவை நன்றாகவே வேலை செய்தன. கைதவறி விழுந்த கோலை இரண்டு முறை அப்படித்தான் மீட்டேன். அதனால் கரையேறும்போதும் அவை காக்கும் என்று நம்பிவிட்டேன். அன்று மார்பளவு அலை. அலைக்கும் அலைக்கும் இடைவெளி நீண்டிருந்ததால் ஒவ்வோர் அலையும் கனமாக வந்து விழுந்தது. ஓர் அலை கயாக்கின் பின்புறத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பிப் புரட்டிப் போட்டது. நான் எழுந்து நின்றபோது தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் கயாக் தலைகீழாகக் கரையை நோக்கி உராய்ந்துகொண்டு போனது. மூன்று கோல்களும் கயிற்றின் முனையில் அதன் அடியிலேயே மாட்டிக்கொண்டு மணலுக்கும் கயாக்கின் வெளியுடலான ஓட்டுக்கும் நடுவே அரைபட்டுக்கொண்டு போயின. கயிறு இல்லாதிருந்தால் அவற்றில் ஒன்றாவது நுரையோடு தனியாகக் கரை ஒதுங்கியிருக்கும் என்று இப்போது எண்ணுகிறேன். தொலையாமல் காக்க வேண்டிய கயிறு, கோல்களை உடையும் இடத்திலேயே இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது.

அதைவிட மோசமானதும் ஒன்று நடந்தது. ஒரு கோலில் இருந்து கழற்றாமல் விட்டிருந்த போலி இரையின் மும்முள், லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டியில் ஏறியிருந்தது. என் கழுத்துக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளி. முள்ளின் மறுமுனையில் தூண்டில் இழையான நரம்பும், நரம்பின் மறுமுனையில் கோலும், கோலின் மறுமுனையில் கயிறும், கயிற்றின் மறுமுனையில் நகர்ந்துகொண்டிருக்கும் கயாக்கும் இருந்தன. மார்பில் குத்தி வைத்திருந்த சிறு கத்தியால் நரம்பை அறுத்துக்கொண்டுதான் விலக முடிந்தது. உடையும் அலைக்குள் நீண்டு தொங்கும் எந்தக் கயிறும், அது கோலுடையதானாலும் நங்கூரத்துடையதானாலும், கருவியைவிட ஆளுக்குத்தான் அதிக ஆபத்து என்பதை அன்று நேரில் கண்டேன். கயிற்றைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆழ்நீரில் அதற்கு இடமுண்டு. அலை உடையும் இடத்துக்குள் நுழைவதற்கு முன் அது கழற்றி உள்ளே வைக்கப்பட வேண்டும்.

இனி நீளுறைக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது ஏறத்தாழ 2.25 மீட்டர் நீளமுள்ளது. நுனிப்பக்கம் உள்ளங்கை அகலமும், ரீல் அமரும் அடிப்பக்கம் அதைப்போல் இரண்டரை மடங்கு அகலமும் கொண்டது. வெளித்துணி பிவிசி பூசிய தடித்த பாலியெஸ்டர். உள்ளே சுண்டுவிரல் பருமனுள்ள நுரைப்பஞ்சு. இடையில் ஒரு தடுப்பு. ஆகவே இரண்டு கோல்களை ஒன்றோடொன்று உரசாமல் வைக்கலாம். நெருக்கினால் மூன்றாவதும் போகும். நுனியில் வலைத்துணி தைக்கப்பட்டிருப்பதால் உள்ளே புகுந்த நீர் அவ்வழியே வடிகிறது. அடிப்பக்கத்தில் ஒரு பட்டைக் கைப்பிடி இருக்கிறது. ஓட்டுக்குள் ஆழமாகச் சென்றுவிட்ட உறையை வெளியே இழுக்க இந்தக் கைப்பிடி இல்லாமல் முடியாது என்பதால், வாங்கும்போது இதன் தையலை இழுத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

என் கயாக், மேலே அமர்ந்து ஓட்டும் வகை. இருக்கைக்கு முன்னால், இரு கால்களுக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்து, உறையின் நுனியை முதலில் விட்டு, கயாக்கின் முன்முனையான அணியத்தை நோக்கித் தள்ளினால் முழு உறையும் உள்ளே போய்விடும். ஓடு அணியத்தை நெருங்க நெருங்க ஒடுங்குவதால் கோலின் மெல்லிய பகுதி அங்கேயும், ரீல்கள் இருக்கும் தடித்த பகுதி மூடிக்கு நேர் கீழேயும் அமர்கின்றன. மூடியை அடைத்த பின் மேல்தளத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. கயாக் எத்தனை முறை உருண்டாலும் கோல்கள் ஓட்டின் உள்ளே, நுரைப்பஞ்சின் அணைப்பில் அப்படியே கிடக்கின்றன. இந்தப் பொருளின் தலையாய பயன் இதுதான். கோலை எதனோடும் கட்டுவதில்லை, மூடுவதும் இல்லை. அது அலையின் பாதையிலேயே இல்லாமல் செய்துவிடுகிறது.

வாங்கிய முதல் வாரத்தில், பழைய கோல்கள் இரண்டை உள்ளே வைத்து, முட்டியளவு அலையில் வேண்டுமென்றே பலமுறை கயாக்கைக் கவிழ்த்துப் பார்த்தேன். கருவிகளைக் காக்கும் எந்தப் பொருளையும் இப்படிச் சோதிக்காமல் நம்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கடையில் கையில் பிடித்துப் பார்க்கும்போது திடமாகத் தோன்றும் கொளுவிகளும் பட்டைகளும் அலையின் முதல் அடியிலேயே கழன்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோதனையில் உறை தேறியது. மூடியின் ஓரத்து ரப்பர்தான் தேறவில்லை. ஓட்டுக்குள் இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் புகுந்திருந்தது. காரணத்தைத் தேடியபோது ரப்பர் பதியும் பள்ளத்தில் ஐந்தாறு மணல் துகள்கள் ஒட்டியிருந்தன. அவ்வளவே போதுமானதாக இருந்தது. அதன் பின் ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தை ஒரு சுற்று வழித்துவிடுகிறேன். ஓட்டுக்குள் அங்குமிங்கும் ஆடும் தண்ணீர் கயாக்கின் நிலைத்தன்மையைக் குறைக்கும் என்பதால், கோல்களைக் காக்கப் போய் கயாக்கையே கவிழ்த்துக்கொள்ளும் நிலை வரக்கூடாது.

நீளுறையின் பெரிய குறை, அதைக் கடலில் வைத்தே பயன்படுத்த வேண்டியிருப்பது. அலை உடையும் எல்லைக்கு மிகவும் வெளியே நின்று, அணியத்தைக் கடலை நோக்கித் திருப்பி, மூடியைத் திறந்து, கோல்களை ஒவ்வொன்றாக உறைக்குள் செலுத்தி, உறையை உள்ளே தள்ளி, மறுபடி மூட வேண்டும். தொடக்கத்தில் எனக்கு இதற்குப் பதினைந்து நிமிடம் பிடித்தது. இப்போது ஆறேழு நிமிடம் போதும். அந்த ஆறேழு நிமிடமும் கயாக்கின் வாய் திறந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. காற்று கரையை நோக்கி வீசும் நாளில், வேலையில் மூழ்கியிருக்கும்போதே கயாக் அலை உடையும் இடத்துக்குள் நகர்ந்துவிடும்; ஆகவே தேவை என்று நினைக்கும் தூரத்தைப்போல் இருமடங்கு தூரத்தில் நின்று இந்த வேலையைத் தொடங்குகிறேன். நாள் முழுதும் துடுப்புப் போட்டுக் களைத்திருக்கும்போது இதைச் செய்ய மனம் வராது. அலை சிறியதுதானே, இன்றைக்கு விட்டுவிடலாம் என்று தோன்றும். கடலுக்குள் இருந்து பார்க்கும்போது அலையின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது; அதனால் அது எப்போதும் உள்ளதைவிடச் சிறியதாகவே தெரியும். உறையில் வைக்கும் முடிவை அலையைப் பார்த்து எடுப்பதை நான் விட்டுவிட்டேன். எல்லா நாளும் வைக்கிறேன்.

இந்தக் கட்டாயம் வேறொரு நன்மையையும் கொண்டுவந்தது. கோலை உறைக்குள் விட வேண்டுமானால் போலி இரையைக் கழற்றித்தான் ஆக வேண்டும்; முள் நுரைப்பஞ்சில் மாட்டிக்கொள்ளும். எனவே முட்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விடுகின்றன. அந்த நிமிடங்களில் அலைகளின் வரிசையையும் கவனிக்க முடிகிறது. அலைகள் கூட்டமாக வருபவை. சில பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்த பிறகு சற்று நேரம் அடங்கியிருக்கும். அந்த அடக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை இரண்டு மூன்று கூட்டங்களைக் கடக்க விட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பிறகு கூட்டத்தின் கடைசி அலையின் முதுகைப் பின்தொடர்ந்து உள்ளே போவதும், பின்னாலிருந்து ஒன்று எட்டிப் பிடித்தால் பின்துடுப்பு போட்டு அதைக் கடக்க விடுவதும், கயாக் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் அலையின் பக்கமாகச் சாய்வதும் துடுப்புப் போடும் அனைவரும் பழக வேண்டியவை. இறங்கும்போது கடல்பக்கமாக இறங்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கயாக்குக்கும் கரைக்கும் நடுவே ஒருபோதும் நிற்கக்கூடாது. நீர் நிறைந்த கயாக்கை அலை தூக்கி வீசினால் அது காலை முறித்துவிடும். எந்தக் கோலும் அதற்கு ஈடாகாது.

உறையின் மற்ற குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது ஜிப். பல்வரிசை பிளாஸ்டிக்தான், ஆனால் அதன்மேல் ஓடும் இழுப்பான் உலோகம். எட்டாவது மாதத்தில் அது உப்புப் பூத்து நடுவழியில் நின்றுவிட்டது. கடலில், கரைக்கு வெளியே, ஒரு கோல் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும் நிலையில் ஜிப் நகர மறுத்தால் என்ன செய்வது என்று சிந்தித்துப் பாருங்கள். அன்று அலை சிறியதாக இருந்ததால் உறையை மூடாமலேயே உள்ளே தள்ளிவிட்டுச் சமாளித்தேன். அதன் பின் வாரம் ஒருமுறை மெழுகு தேய்க்கிறேன். இருந்தாலும் இது தையல் மேசையிலேயே தீர்த்திருக்க வேண்டிய குறை. மூன்று முறை மடித்து இறுக்கும் வாயோ அகலமான வெல்க்ரோ மடிப்போ இருந்தால் போதும். உறை நீர்புகாததாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. அது ஓட்டுக்குள் இருக்கப் போகிறது.

இரண்டாவது குறை நுரைப்பஞ்சு. அடியைத் தாங்குவது அதுதான், உப்புநீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதும் அதுதான். முதல் கோடையில் ஒரு நாள், களைப்பில் கோல்களை உறையோடு அப்படியே வீட்டில் சாத்தி வைத்துவிட்டு நான்கு நாட்கள் கழித்துத் திறந்தேன். ரீலின் கைப்பிடித் திருகில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கம்பி வளையத்தின் மூட்டில் பழுப்பு நிறம் ஏறியிருந்தது. அலையிலிருந்து காத்த உறை, ஈரத்தில் அதே கருவியை அரித்துக்கொண்டிருந்தது. மூடிய செல்களைக் கொண்ட, நீர் உறிஞ்சாத நுரைப்பஞ்சு உள்ள உறையைத் தேர்ந்தெடுங்கள் என்பது இதிலிருந்து நான் சொல்லக்கூடியது. கடையில் ஓரத்தை நனைத்து, பிழிந்து, எடை கூடுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வாங்கிய பிறகோ, ஒவ்வொரு முறையும் கோல்களை வெளியே எடுத்துவிட்டு உறையை உட்புறம் வெளியே வருமாறு புரட்டி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட வேண்டும்.

மூன்றாவது குறை சிலருக்கு மட்டுமே பொருந்தும். ஆழ்கடல் மீன்களுக்கான பெரிய ரீல்கள் இதில் அடங்குவதில்லை. நடுத்தர ரீல்கள் இரண்டு எளிதாக அமர்கின்றன. பெரிய ரீல் ஒன்றை வைத்தால் மற்றொன்றுக்கு இடமில்லை. அப்படிப்பட்ட ரீல்களைக் கோலிலிருந்து கழற்றி, தனியே நீர்புகாத பையான சிறு டிரை பேக் ஒன்றில் வைத்து, அதே மூடிக்குள் வைத்துவிடலாம். ரீலைக் கழற்றுவதற்கு முன் நரம்பை முழுதாகச் சுற்றிக்கொள்ள மறந்தால், சிக்கெடுப்பதிலேயே அன்றைய மாலை போய்விடும்.

மாற்று வழிகளையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். மேல்தளத்தில் படுக்கைவாக்கில் பொருத்தும் குழாய்கள் கோலின் நுனியை மட்டும் காக்கின்றன. ரீல் வெளியிலேயே கிடக்கிறது, கவிழ்ந்தால் மணலில் உழுதுகொண்டு வருகிறது. முட்டியளவு அலைக்கு இது போதும். அதற்கு மேல் இதை நம்ப மாட்டேன். கோலில் சுற்றும் மிதவைகள் ஏரிக்கும் அமைதியான கழிமுகத்துக்கும் ஏற்றவை. அலை உடையும் இடத்தில் நம் கவலை கோல் மூழ்குவதன்று, முறிவது. இருக்கைக்குப் பின்னால் பெட்டி கட்டி, அதில் எல்லாவற்றையும் போட்டு, மேலே வலை மூடி வைக்கும் வழக்கமும் பலரிடம் உண்டு. அலை பின்னாலிருந்து வரும்போது அந்தப் பெட்டி ஒரு வாளியைப் போல நீரை ஏந்திக்கொள்கிறது. உயரத்தில் எடை ஏறுவதால் கயாக் இன்னும் எளிதாகப் புரள்கிறது. பெட்டியைக் கட்டியே தீர வேண்டும் என்றால், கரையேறுவதற்கு முன் அதைக் காலி செய்துவிட்டு வெறும் பெட்டியாகக் கொண்டுவாருங்கள். ஈயக்குண்டுகளும் பிடித்த மீனும் போன்ற கனமான பொருள்கள் கயாக்கின் நடுவிலோ சற்றுப் பின்னாலோ, தாழ்வாக இருக்க வேண்டும். அணியத்தில் கனம் சேர்ந்தால் அது அலையின் சரிவில் இறங்கும்போது நீருக்குள் குத்தி, கயாக் முன்குட்டிக்கரணம் போடும். உறையும் இரண்டு கோல்களும் அணியத்துக்குள் இருந்தாலும் அவை இலேசானவை என்பதால் என் கயாக்கின் போக்கில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

நீள மூடி இல்லாத கயாக் வைத்திருப்பவர்களுக்கு நீளுறையால் பயனில்லை. அவர்கள் இரண்டு துண்டாகப் பிரியும் கோல்களுக்கு மாறிவிடுவதே நல்லது. பிரித்து வைத்த கோல் ஒரு கை நீளத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும். வட்ட மூடிகூட அதற்குப் போதும். ஒற்றைத் துண்டுக் கோலின் உணர்திறன் வராது என்று சொல்பவர்கள் உண்டு. உடைந்துபோன ஒற்றைத் துண்டுக் கோலுக்கு எந்த உணர்திறனும் இல்லை என்பதையும் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

மீன் காட்டும் கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் உறையில் ஐபிஎக்ஸ்7 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பலர் அதை அலையில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தக் குறியீடு 1 மீட்டர் ஆழத்தில், அசையாத நீரில், 30 நிமிடம் தாங்கும் என்பதற்கான உறுதி மட்டுமே. பீய்ச்சியடிக்கும் நீருக்கு அது பொறுப்பேற்பதில்லை. அலை உடையும்போது வந்து விழுவது பீய்ச்சியடிக்கும் நீர். திரையைக் கழற்றி, இணைப்பு முனைகளுக்கு மூடி மாட்டி, டிரை பேக்கில் வைத்து உள்ளே போட ஒரு நிமிடம் ஆகாது. ஓட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும், ஒலியலையை அனுப்பிப் பெறும் டிரான்ஸ்டியூசரை மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். மிதித்து ஓட்டும் கயாக்குகளில் அடியில் உள்ள, மீனின் துடுப்பைப் போன்ற செதிலோ விசிறியோ மணலில் தட்டுவதற்கு முன் ஒதுக்கப்பட வேண்டும். ஹோபி நிறுவனம் 1997-இல் அறிமுகப்படுத்திய மிராஜ் டிரைவ் போன்ற செதில் வகைகளில் ஒரு மிதியை முழுதாக முன்னே தள்ளினால் இரு செதில்களும் ஓட்டோடு ஒட்டிப் படுத்துவிடும். சுக்கானையும் தூக்கிவிடுங்கள். நங்கூரத்தின் கயிற்றைப் பையில் போட்டுப் பையின் வாயைக் கட்டிவிடுங்கள்.

கரையேறிய பிறகு செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் அறிந்திருப்பதில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். அலையில் அடிபட்ட கோல் உடையாமல் வந்துவிட்டது என்பதாலேயே அது நலமாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து, கோலில் நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்தின் உள்விளிம்பிலும் மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். வளையத்துக்குள் பதித்திருக்கும் பீங்கான் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால் பஞ்சின் ஒரு நார் அதில் மாட்டிக்கொண்டு இழுபடும். முன்பு நான் இழந்த மூன்று கோல்களில் ஒன்று பார்வைக்கு முழுதாகவே இருந்தது; இரண்டு வாரம் கழித்து, நல்ல மீன் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தபோது, பின்னல் நரம்பு பஞ்சு பஞ்சாய்ப் பிரிந்து அறுந்தது. நுனியிலிருந்து மூன்றாவது வளையத்தில் பஞ்சு மாட்டியது. அன்று மறுபடியும் கோலைக் கூர்ந்து பார்த்தபோது, ரீலுக்கு ஒரு சாண் மேலே நகக்கீறல் போல ஒரு வடுவும் இருந்தது. அடுத்த கடினமான இழுப்பில் அது அங்கேயே முறிந்தது.

ரீலைக் காதருகே வைத்துக் கைப்பிடியை மெதுவாகச் சுற்றிக் கேளுங்கள். உள்ளே கரகரவென்று ஓசை வந்தால் மணல் புகுந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாதீர்கள். கடல் மணலில் பெரும்பகுதியாக இருக்கும் குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. அலுமினியம் 3-க்கும் கீழே. ஒவ்வொரு சுற்றும் பற்சக்கரத்தை அரத்தால் ராவுவதற்குச் சமம். பிரித்துத் துடைத்து எண்ணெய் விடுவது ஒன்றே வழி. மணல் புகாத ரீலுக்கு, நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிடிப்பான டிராக்கை நன்றாக இறுக்கிவிட்டு, வேகமில்லாத நல்ல தண்ணீரை மேலிருந்து சிறிது நேரம் வழியவிட்டால் போதும். குழாயின் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்சினால் வெளியே இருக்கும் உப்பை நாமே உள்ளே செலுத்துகிறோம். துடைத்த பின் டிராக்கைத் தளர்த்தி உலர விட வேண்டும்.

அலை உடையும் கரையிலிருந்து மட்டுமே கடலில் இறங்க முடிகிறவர்கள், நீள மூடியுள்ள கயாக் வைத்திருந்தால், நீளுறையைத் தயங்காமல் வாங்கலாம். அமைதியான நீரில் ஓட்டுபவர்களுக்கு இது தேவையில்லை. கயிறும் மிதவையும் போதும். ஜிப்பையும் நுரைப்பஞ்சையும் பற்றி நான் சொன்ன குறைகள் உண்மையானவை என்றாலும், இது கிழிந்தால் இதே வகையில் இன்னொன்றைத்தான் வாங்குவேன். வாய் வெல்க்ரோவாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்ப்பேன்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கயாக்கின் விவரக்குறிப்பில் உள்ள நீளத்தை வைத்து உறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஓட்டின் உள்ளே, மேல்தளத்தைத் தாங்குவதற்காக நுரைப்பஞ்சுத் தூண்களும், கால்வைக்கும் தடங்களின் திருகுகளும் இருக்கும். அவை வெளியிலிருந்து தெரியாது. உங்களிடமுள்ள மிக நீளமான கோலின் நுனியில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, மூடியின் வழியாக மெதுவாக உள்ளே விட்டு, எங்கே தட்டுகிறது என்று பாருங்கள். தட்டிய இடத்தில் மூடியின் விளிம்புக்கு நேராகக் கோலில் ஒரு நாடாவை ஒட்டி, வெளியே எடுத்து அளந்துகொள்ளுங்கள். உறை அந்த அளவைவிட ஒரு கையகலமாவது குறைவாக இருக்க வேண்டும். நான் முதலில் வாங்கிய உறை நான்கு விரற்கடை நீளம் கூடுதலாக இருந்ததால் மூடி அமரவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இதை வாங்கினேன்.